மூன்றாம் நாள் கொடுத்த மாப்பு

பூனா, கேம்ப்
4 அக்டோபர் 1959

இல்லை மச்சி, உங்களைக் கோர்ட்டில் நிறுத்தவேண்டும் என்று நான் கிளம்பவில்லை. என்னை நிறுத்திக்கொள்ளத்தான் போனேன். சட்டம் என்னை ஏற்றுக்கொள்ளவில்லை.

லியாகத் அலி சாச்சாதான் அழைத்துப் போனார். வக்கீல் பெயர் அனந்தராமன். கும்பகோணத்துக்காரர். நான் பேசி முடிக்கும்வரை வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார்.

"செத்துப்போனவன் உனக்கு யாரும்மா?"

"கூடப் பொறந்த நானா. யூசுஃப்."

"அப்பா அம்மா?"

"ரெண்டு பேரும் மௌத்தாயிட்டாங்க."

"பெண்டாட்டி இருக்காளோ?"

"எங்க மச்சி இருக்காங்க. கூத்தாநல்லூர்ல. பெண் குழந்தை, நானா போனதுக்கு அப்புறம் பொறந்தது."

"அப்போ நீ எதுக்கு வந்தே? அவளன்னா வரணும்!"

நூறு வருஷத்துக்கு முந்தைய சட்டமாம். ஒருவன் இன்னொருவனின் அலட்சியத்தால் செத்தால் மனைவி கேட்கலாம், கணவன் கேட்கலாம், தாய் தகப்பன் கேட்கலாம், பிள்ளை கேட்கலாம். உடன்பிறந்தவர்களைச் சட்டம் எழுதியவர்கள் மறந்துவிட்டார்கள். "நீ அழலாம், கேஸ் போட முடியாது" என்றார். கெட்டவர் இல்லை. பேச்சு அப்படி.

வேறு வழி உண்டா என்று கேட்டேன். நானா பிம்ப்ரி மருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவராக இருந்தால் தொழிலாளர் நஷ்டஈட்டுக்குப் போயிருக்கலாம். அங்கே யார் தப்பு என்று நிரூபிக்கக்கூட வேண்டாமாம். நானா வேலைக்காரர் இல்லை. அங்கே காலி டிரம் வாங்கி, பவானி பேட்டில் வெட்டித் தகடாக விற்ற வியாபாரி. அப்படி வெட்டும்போதுதான் டிரம் வெடித்தது. போலீஸ் 'விபத்து' என்று எழுதி மூடிவிட்டது. மீதி இருப்பது இந்த ஒரு கதவு. அதைத் திறக்க, தப்பு கம்பெனியுடையது என்று நாம் காட்டவேண்டும். நானா போன நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள். ஜனவரி இருபத்திரண்டு தாண்டினால் இதுவும் மூடிவிடும்.

கம்பெனி என்ன சொல்கிறது தெரியுமா? கழுவாத டிரம் என்று தெரிந்தேதான் நானா வாங்கினாராம். மேலே போட்டிருந்த சாக்பீஸ் குறி எண்ணிக்கைக்காம், கழுவியதற்கு இல்லையாம். குறி போட்டவர் அங்கே ஸ்டோர் பார்க்கும் ஹமீது. அவரை இனி நானா என்று எழுதமாட்டேன்.

நானா மௌத்தான மூன்றாம் நாள் அவர் வந்து திரைக்கு வெளியே நின்று உங்களிடம் ஏதோ சொன்னார். நான் அடுப்படியில் இருந்தேன். "மாப்பு கொடுத்துட்டேன், மன்னிச்சாச்சு" என்று மட்டும் நீங்கள் என்னிடம் சொன்னீர்கள். நான் கேட்ட கேள்வி உங்களுக்கு நினைவிருக்கும். எனக்கும் இருக்கிறது. அதைப்பற்றி இன்று எழுத முடியவில்லை.

அவர் என்ன சொன்னார் மச்சி?

மத்தியான வெயிலில் நம் வீட்டு மாடித் தகரம் 'டப்' என்று விரிகிறது. ஒவ்வொரு முறையும் எழுந்து போய்க் கதவைத் திறக்கிறேன். வெயில் நிற்கிறது. வேறு யாரும் இல்லை.

ஹபீபா


கூத்தாநல்லூர்
19 அக்டோபர் 1959

ஹபீபாவுக்கு,

வக்கீல் பேசியதை நாடகம் மாதிரி அழகாக எழுதியிருக்கிறாய். காலேஜில் படித்தவள். நீ எழுத முடியவில்லை என்று விட்ட இடத்தை அஞ்சாம் வகுப்புப் படித்த நான் எழுதுகிறேன்.

"இஷ்டத்துக்கு அள்ளிக் குடுக்க, அது என்ன உங்க வீட்டு வெத்தலையா?" இதுதான் நீ கேட்டது. வந்திருந்த பெண்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இன்னும் ஒன்றும் சொன்னாய். "உங்களுக்குப் புருஷன் போனாரு, நாளைக்கே வேற ஒருத்தர் வருவாரு. எனக்கு நானா வருவாரா?" வயிற்றில் பிள்ளையோடு, வெள்ளைச் சீலையில், மூன்று நாளாகத் தண்ணீர்கூட இறங்காமல் உட்கார்ந்திருந்தவளிடம்.

என் அண்ணன் அன்றைக்கே டிக்கெட் எடுத்தது. புருஷனை இழந்து இத்தா இருக்கிறவள் பிள்ளை பெறும்வரை அந்த வீட்டு வாசலைத் தாண்டக்கூடாது. நான் தாண்டினேன். மெட்ராஸ் வரை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிப் போர்வைக்குள் இருந்தேன். குண்டக்கல்லில் ஒரு அம்மாள் எனக்கு ஜுரம் என்று நினைத்து மாத்திரை கொடுத்தாள். அந்தப் பாவம் யார் கணக்கில் என்று அல்லாவுக்குத் தெரியும்.

ஹமீது நானா என்ன சொன்னது என்பது உனக்கு வேண்டாம். மாப்புக் கொடுத்தது கொடுத்ததுதான். வாயிலிருந்து வந்ததை எச்சில் மாதிரி முழுங்க முடியாது. கோர்ட்டு என்று காதில் விழுந்தால் என் அண்ணன் ஜமாஅத்துக்கு என்ன பதில் சொல்லும்? மாப்புக் கொடுத்துவிட்டு வழக்குப் போட்டவளின் வீடு என்று பேர் வாங்கவா?

ஜைனபுக்கு, எங்கள் பவுனுக்கு, பல் முளைக்கிறது. எதைக் கொடுத்தாலும் விரலை மடக்கித் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைக்கிறாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. உன் நானா தர்பூஸ் வாங்கும்போதும், தண்ணீர்ப் பானையைத் தூக்கும்போதும், டிரம் எடுக்கும்போதும் அப்படித்தான் தட்டும். முதல் தடவை பார்த்தபோது நான் பிள்ளையைக் கீழே வைத்துவிட்டு வேறு அறைக்குப் போய்விட்டேன்.

இனி இதைப்பற்றி எழுதாதே.

ஜொஹ்ரா


பூனா
15 நவம்பர் 1959

மச்சி,

எழுதாதே என்றீர்கள். எழுதுகிறேன்.

நான் சொன்ன இரண்டு வாக்கியங்களையும் உங்கள் கையெழுத்தில் படித்தேன். இரண்டாவது எனக்கு நினைவே இல்லை. அதனால் அது பொய் என்று ஆகிவிடாது. இத்தாவில் இருந்தவரை ரயிலேற்றியது என் வாய். கணக்கு என்னுடையது.

ஞாயிற்றுக்கிழமை கோந்த்வாவில் ஹமீது வீட்டுக்குப் போனேன். கம்பெனி ஹமீதை வேறு கிடங்குக்கு மாற்றியிருக்கிறது. இப்போது டிரம்மைத் தொடுவதில்லையாம். வாசலில் உட்கார்ந்து பையனின் சிலேட்டுக்குச் சட்டம் அடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சுத்தியலைக் கீழே வைத்தார்.

"வா ஹபீபா. அரே, வெயில்ல நிக்கிறியே."

"உட்கார வரல. மூணாம் நாள் எங்க மச்சிகிட்ட என்ன சொன்னீங்க?"

"மாப்பு கேட்டேன். குடுத்தாங்க."

"எதுக்கு மாப்பு?"

"மௌத்தான வீட்டுல எல்லாரும்தான் கேப்பாங்க."

"நீங்க என்ன சொல்லிக் கேட்டீங்க?"

உள்ளே பார்த்தார். அவர் மனைவி சாவி கொடுத்த பொம்மை மாதிரி கதவருகே வந்து நின்றாள். அவர் குரலை இறக்கினார்.

"அது எனக்கும் அவங்களுக்கும் அல்லாவுக்கும் நடுவுல. நீ நாலாவது ஆள். போ."

நாலாவது ஆள். வக்கீலும் இதைத்தான் வேறு மாதிரி சொன்னார். நானாவும் நானும் ஒரே தட்டில் சாப்பிட்டோம். ஒரே சைக்கிளில் பள்ளிக்கூடம் போனோம். என் முதல் வருஷப் புத்தகங்கள் அவர் வெட்டி விற்ற தகடு. ஆனால் சட்டத்துக்கும் நான் யாரோ, மார்க்கத்துக்கும் யாரோ.

உங்களுக்குத் தெரியும் என்பது அவர் முகத்தில் இருந்தது. அதை மட்டும் எழுதவேண்டும் என்று நினைத்தேன்.

ஹபீபா


கூத்தாநல்லூர்
6 டிசம்பர் 1959

ஹபீபா,

நீ என்னைப் பெரிய மனசுக்காரி என்று நினைத்துத்தானே கோபப்பட்டாய்? உன் நானாவைக் கொன்றவனை நான் அறிந்தே மன்னித்தேன் என்று. அப்படி இருந்தால்கூடப் பரவாயில்லை.

அன்றைக்கு வந்தவர்கள் எல்லாரும் திரைக்கு அந்தப் பக்கம் நின்று ஒரே சொல்லைச் சொன்னார்கள். "அவருக்கு ஏதும் செஞ்சிருந்தா, பேசியிருந்தா மாப்பு பண்ணிடுங்கம்மா." நானும் ஒரே சொல்லைச் சொன்னேன். "மாப்பு, மாப்பு." பால்காரர் கேட்டார். தண்ணி கலந்ததற்கு என்று நினைத்துக்கொண்டேன். மார்க்கெட்டில் சண்டை போட்ட சேட்டு கேட்டார். யார் குரல் என்றுகூடச் சில நேரம் எனக்குத் தெரியவில்லை. நாக்கு அதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

ஹமீது நானாவும் அப்படித்தான் வந்தது. "தங்கச்சி, மாப்பு." "மாப்பு" என்றேன். மற்றவர்கள் நகர்ந்துவிடுவார்கள். இது நகரவில்லை. திரைக்குக் கீழே கால்விரல் தெரிந்தது.

அப்புறம்தான் சொன்னது. வாங்கிக்கொண்ட பிறகு.

"அன்னிக்குக் கம்பெனியில ரெண்டு நாளாத் தண்ணி வரல தங்கச்சி. யாரோ பெரியவங்க பாக்க வர்றாங்கன்னு முத்தத்தக் காலி பண்ணச் சொல்லி மானேஜர் குதிச்சாரு. கழுவலையேன்னேன். குறியப் போட்டு அனுப்புன்னாரு. போட்டேன். யூசுஃபு தட்டிப் பாத்துட்டு, 'நானா, கழுவுனதுதானே?'ன்னு கேட்டான். 'சந்தேகமா இருந்தா வேற கடைக்குப் போடா'ன்னு சிரிச்சேன். அவனும் சிரிச்சான்."

இவ்வளவுதான். ஒரு டிரம்மில் பாதி மருந்து ஆவியாக நின்றிருக்கிறது. உளியை வைத்து ஒரு அடி.

நான் என்ன செய்திருக்கவேண்டும்? திரையைக் கிழித்திருக்கவேண்டுமா? கொடுத்ததைத் திருப்பிக் கொடு என்று கத்தியிருக்கவேண்டுமா? அடுப்படியிலிருந்து நீ வந்தாய். "என்ன கேட்டாரு?" என்றாய். கொடுத்துவிட்டேன் என்றேன். வேறு எதைச் சொல்ல வாயைத் திறந்தாலும் அந்தச் சிரிப்பு முதலில் வரும் போலிருந்தது.

அன்றிலிருந்து நான் யாருக்கும் மாப்பு என்று சொல்வதில்லை. பிச்சைக்காரனிடம் "மாப்பு செய், போ" என்று சொல்லக்கூட வாய் வரவில்லை. ஒரு பிடி அரிசி போட்டு அனுப்புகிறேன். என் மச்சி, அண்ணன் பெண்டாட்டி சுல்தான் பீவி, திட்டுகிறாள்.

சொல்லிவிட்டேன். நீ கேட்டதற்காக இல்லை, தனியாக வைத்திருக்க முடியவில்லை. ஆனால் கோர்ட்டுக்கு வரமாட்டேன். ஹமீது நானா என்னை ஏமாற்றியதா என்று தெரியவில்லை. சொல்லாமலே போயிருக்கலாம், ஆனால் நின்று சொன்னது. ஏமாற்றினாலும் சொல் என்னுடையது.

ஜொஹ்ரா


பூனா
14 டிசம்பர் 1959

மச்சி,

படித்தேன்.

மறுபடி படித்தேன். மூன்றாவது முறை முடியவில்லை.

கடிதத்தை வக்கீலிடம் காட்டவில்லை. சாச்சாவிடமும் இல்லை. காட்டினால் என்ன ஆகும் என்று தெரியும். அனந்தராமன் நிமிர்ந்து உட்காருவார். மானேஜரின் உத்தரவு, கழுவாத டிரம், கேட்டதற்குப் பொய்ப் பதில். அவருக்கு வேண்டியது எல்லாம் அதில் இருக்கிறது. ஆனால் அது நீங்கள் எனக்குச் சொன்னது. கோர்ட்டுக்கு அல்ல.

கல்லூரியில் ஒருமுறை வாதம் செய்தோம். தெரியாமல் கொடுத்த மன்னிப்பு மன்னிப்பாகுமா? நான் ஆகாது என்ற பக்கம் பேசினேன். கைதட்டினார்கள். இன்று அந்தப் பெண்ணை யாரோ போல் பார்க்கிறேன். அவளுக்குத் திரைக்குக் கீழே கால்விரல் தெரியவில்லை.

நானா சிரித்திருக்கிறார். அதைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை. கடைசி நாள் பயத்தோடு போனார் என்றே இதுவரை கற்பனை செய்துகொண்டிருந்தேன். சிரித்துக்கொண்டே டிரம்மை வண்டியில் ஏற்றியிருக்கிறார்.

உங்களிடம் மன்னிப்புக் கேட்டு ஒரு வரி எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன். கேட்டால் நீங்கள் பழக்கத்தில் கொடுத்துவிடுவீர்கள். கேட்காமல் இருக்கிறேன். என் மேல் கோபமாகவே இருங்கள்.

தேதியைப் பற்றி நான் இனி எழுதமாட்டேன்.

ஹபீபா


கூத்தாநல்லூர்
2 ஜனவரி 1960

ஹபீபா,

கோபமாகத்தான் இருக்கிறேன். நீ சொல்லத் தேவையில்லை.

இங்கே ஒன்று நடந்தது. கடைச் சரக்குக்குக் கை முட்டியது என்று என் அண்ணன் பவுனின் வெள்ளிக் கொலுசைக் கேட்டது. பேர் வைத்தபோது வந்தது. அடகு வைத்துவிட்டு இரண்டு மாதத்தில் மீட்டுத் தருகிறேன் என்றது. சோறு போடுகிற அண்ணன். நான் பிள்ளையை மடியில் போட்டுக் கழற்ற ஆரம்பித்துவிட்டேன். சுல்தான் பீவி கரண்டியோடு வந்தாள்.

"நீ எதுக்குடி கழட்டுறே?"

"அண்ணன் கேக்குது மச்சி."

"ஒன் காலுல கெடந்தாக் கழட்டிக் குடு, நான் ஏன் கேக்கப்போறேன்? அது புள்ளையோடது. பெத்தவளா இருந்தாலும் அடுத்தவுங்க பொருள எடுத்துத் தர்மம் பண்ணுவியா? அது வளந்து வாயத் தெறந்து 'எடுத்துக்க மாமா'ங்கட்டும், அப்ப வாங்கிக்கச் சொல்லு ஒன் அண்ணன!"

அண்ணன் முகம் கறுத்துப்போய், "வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம் நீ" என்று சொல்லிவிட்டு வெளியே போனது. அவள் மறுபடி அடுப்படிக்குப் போய் ஆணத்தில் புளி போதவில்லை என்று எனக்கே ஒரு ஏச்சு ஏசினாள். நான் ஒரு கொலுசைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அன்றைக்குத் திரைக்குள்ளே நாங்கள் இரண்டு பேர் இருந்தோம் ஹபீபா. ஒருத்திதான் பேசினாள்.

என் புருஷனை நான் கொடுத்துவிட்டேன். தெரிந்தோ தெரியாமலோ, சொல் போய்விட்டது. அதை நான் கேட்கமாட்டேன். ஆனால் பவுனுடைய வாப்பாவை அவள் யாருக்கும் கொடுக்கவில்லை. அவள் சார்பில் கொடுக்க எனக்குப் பாத்தியதை இல்லை. ஆலிமிடம் ஆள் விட்டுக் கேட்டேன். அவரும் பிள்ளையின் பங்கு தாயின் கையில் இல்லை என்றுதான் சொன்னார். சுல்தான் பீவி சொன்ன அளவுக்கு அழுத்தமாகச் சொல்லவில்லை.

சாச்சா முதலிலேயே அனுப்பியிருந்த வக்காலத்துத் தாளில் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். ஹமீது நானா சொன்னதை அது சொன்னபடியே தனித்தாளில் எழுதியிருக்கிறேன். ஒரு சொல் கூட்டவில்லை. வக்கீலுக்குக் கொடு. மூன்று விஷயம் அவரிடம் சொல். என் பங்குக்கு ஒன்றும் கேட்கக்கூடாது. பிள்ளைக்கு மட்டும். வழக்கு கம்பெனி மேலும் குறி போடச் சொன்ன மானேஜர் மேலும். கூண்டில் பர்தாவோடு நிற்க விடுவார்களா என்று கேள். விடமாட்டார்கள் என்றால் அதையும் எழுது, யோசிக்கிறேன்.

உனக்கு ஒன்று. தாக்கல் பண்ணுவதற்கு முன்னால் நீ ஹமீது நானாவிடம் போ. அதன் வேலை போகும். பெண்டாட்டி பிள்ளை இருக்கிறது. கோர்ட்டுச் சேவகன் வந்து சொல்லக்கூடாது. நான் மாப்புக் கொடுத்த ஆளை முதுகுக்குப் பின்னால் அடிக்க எனக்கு முடியாது. நீதான் போகவேண்டும். சண்டை போடாதே. நாலாவது ஆள் என்றதல்லவா, நாலாவது ஆளாகவே போய்ச் சொல்லிவிட்டு வா.

ஜொஹ்ரா


பூனா
12 ஜனவரி 1960

மச்சி,

காலையில் கோந்த்வா போனேன். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். உங்கள் கடிதத்தில் இருந்ததைச் சொன்னேன். சண்டை போடவில்லை.

அவர் மனைவிதான் முதலில் பேசினாள்.

"மாப்பு குடுத்தவங்க இப்படிச் செய்யலாமா? நீயே சொல்லு, இது நியாயமா?"

"நீ சும்மா இரு" என்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி மாப்பத் திருப்பி எடுத்துக்கிச்சா?"

"இல்ல. அது அவங்க குடுத்தது, குடுத்ததுதானாம். இது புள்ளையோடது."

சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே இருந்தார். மேல் பொத்தான் ஓட்டையில் விழவில்லை. விட்டுவிட்டார்.

"எடுத்திருந்தா லேசா இருந்திருக்கும்" என்றார்.

சாட்சி சொல்ல வருவீர்களா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. மனைவி சாயா கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள், அழுதுகொண்டே. ஏன் வைத்தாள் என்று தெரியவில்லை. ஏன் குடித்தேன் என்றும் தெரியவில்லை. நான் எழுந்தபோது அவர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு எந்தப் பக்கம் போவது என்று மறந்தவர் மாதிரி நின்றார். பையன் டிபன் டப்பாவைக் கொண்டுவந்து கையில் கொடுத்தான். அதற்குப் பிறகு நடந்தார்.

அனந்தராமன் கோர்ட்டு வராந்தாவில் காத்திருந்தார். உங்கள் நிபந்தனையைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "தனக்கு வேண்டாம்னு எழுதிக்குடுக்கற பெண்டாட்டியை இப்பத்தான் பாக்கறேன். எதிராளி வக்கீல் இதை வெச்சே என்னைக் குடைவான்." பிறகு, பர்தாவுக்கு மனுப் போட்டுப் பார்க்கலாம், நீதிபதியின் மனசைப் பொறுத்தது என்றார். பிறகு வழக்கு மனுவைப் படித்துக் காட்டினார். வாதி, மைனர் ஜைனப், காலஞ்சென்ற யூசுஃபின் மகள், தாயும் காப்பாளருமான ஜொஹ்ரா மூலமாக. என் பெயர் எங்கும் இல்லை. கடைசித் தாள்வரை பார்த்தேன்.

தாக்கல் செய்தோம். குமாஸ்தா முத்திரை குத்தி வாங்கிக்கொண்டான். நான் வெளியே வந்து தபாலாபீஸ் வரை நடந்தேன். உங்களுக்குத் தந்தி கொடுத்தேன். ஒரு இன்லாண்ட் வாங்கி, அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதினேன்.

ஹபீபா